சந்தனம் பட்ட வெள்ளைத் தகடு

கரமனை

அன்பு மகள் ஸ்ரீப்ரியாவுக்கு அம்மா எழுதுவது. இங்கே அப்பாவும் நானும் நன்றாக இருக்கிறோம், அந்தக் குளிரில் நீயும் காதை மூடிக்கொண்டு, நேரத்துக்குச் சாப்பிட்டு, சுகமாக இருக்க வேண்டும். மழை விட்டபாடில்லை. உன் கூட வேலை பார்க்கிற ரேஷ்மி லீவு முடிந்து ஜெர்மனிக்குக் கிளம்புகிறாள், அவளிடம் நார்த்தங்காய் ஊறுகாயோடு இதையும் கொடுத்து அனுப்புகிறேன். போனில் சொல்லலாம்தான், ஆனால் நீ கூப்பிட்டால் அப்பா பக்கத்தை விட்டு நகர்வதில்லை, அவர் கதையை அவர் முன்னால் எப்படிச் சொல்வது?

அடுத்த மாதம் ஊருக்கு வந்ததும் வேலை இன்டர்வியூவில் காட்ட வேண்டும், கீறல் இல்லாமல் வந்தது இது ஒன்றுதான், பத்திரம் என்று ரேஷ்மியிடம் நீ செய்த வெள்ளைத் தகடு ஒன்றைக் கொடுத்தனுப்பினாயே, அதை அலமாரியில் வைத்துப் பூட்டினேன். உன் அப்பாவுக்குப் பொறுக்குமா? நல்ல காரியத்துக்குப் போகிற எதையும் சந்தனம் வைக்காமல் அவர் அனுப்பியதில்லை, உன் பத்தாம் வகுப்பு ஹால் டிக்கெட்டைக்கூட விட்டுவைக்கவில்லை. வெள்ளிக்கிழமை விளக்கேற்றிய கையோடு தகட்டை எடுத்து மூலையில் சந்தனத்தைக் குழைத்து வைத்துவிட்டார். ஈரம் பரவப் பரவ அந்த இடத்தில் வெள்ளை போய்க் கண்ணாடி மாதிரி ஆகிவிட்டது, அடியில் ஏந்தியிருந்த அவர் உள்ளங்கை ரேகை தெரிகிறது. “பிள்ளைக்க ஜோலியக் கெடுத்துட்டேனே” என்று அப்படியே உட்கார்ந்துவிட்டார். இத்தனை வருஷம் கழித்து நீ ஊரோடு வரப்போகிறாய் என்று மாடி அறைக்கு இப்போதே பெயின்ட் அடித்து வைத்திருக்கிற மனுஷன்.

அப்போதுதான் நீ முன்பொரு நாள் சொன்னது நினைவுக்கு வந்தது. அது அலுமினிய ஆக்சைடு, அதில் வெள்ளைச் சாயமே கிடையாது, கண்ணுக்குத் தெரியாத ஓட்டைகள் தாறுமாறாக இருக்கின்றன, உள்ளே போன வெளிச்சம் போகிற இடமெல்லாம் திசை மாறி அலைந்து திரும்பி வந்துவிடுகிறது, அதனால்தான் வெள்ளை என்றாயே. அப்படியானால் தண்ணீர் ஓட்டையை அடைத்ததால்தான் வெளிச்சம் நேரே போகிறது, காய்ந்தால் சரியாகும் என்று உன் அப்பாவிடம் சொன்னேன். சொல்லிவிட்டேனே தவிர எனக்கே பாதி நம்பிக்கைதான். அவர் காப்பிகூடக் குடிக்காமல் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். ஓரத்திலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக வெள்ளை திரும்பி வந்தது பார், என் மகள் செய்த பொருளா இது என்று எனக்கு அழுகையே வந்துவிட்டது. நீ சொன்னதெல்லாம் எனக்கு எங்கே புரியப்போகிறது என்று இருந்தேன், புரிந்திருக்கிறது.

மூலையில் லேசாகச் சந்தனக் கறை இருக்கிறது. அது மேலோடு ஒட்டியதுதான், யாரும் தேய்க்க வேண்டாம், ப்ரியாவே வந்து பார்க்கட்டும் என்று ரேஷ்மி சொல்லிவிட்டாள். அப்பாவைத் திட்டாதே. இப்போது அவர் வருகிறவர்களுக்கெல்லாம் தண்ணீர் தொட்டுக் காட்ட வேண்டுமென்று தகட்டைக் கேட்கிறார், சாவியை நான் இடுப்பில் செருகிக்கொண்டு திரிகிறேன்.

புறப்படும்போது ஸ்வெட்டரைக் கைப்பையிலேயே வை. முத்தாரம்மன் உனக்குத் துணை நிற்பாள், எங்கள் ஆசி என்றும் உண்டு. இன்டர்வியூவில் எடுத்ததும் பேச ஆரம்பிக்காதே. தகட்டில் ஒரு சொட்டுத் தண்ணீர் விடு, அவர்களும் உன் அப்பாவைப் போல ஒரு தடவை பயந்து போகட்டும். அப்புறம் வாயைத் திற.

இப்படிக்கு,
மாடி அறை ஜன்னலைத் திறந்து வைத்திருக்கும்
உன் அம்மா