நான்கு கிளியும் ஒரு மீனும்

நலம் சூழ்க. மாரி பொய்யாதிருக்க. பதினெட்டு ஏரிக்கு உடையவரும், பகைவரை முதுகால் மட்டுமே அறிந்தவரும், யானைமேல் உறங்கினும் செங்கோல் நழுவவிடாதவருமாகிய குறும்பாழி நாட்டு மன்னர் பெருமான் கண்டன் சேந்தனார் திருமுன்பு, அவர்தம் தூதனும், எழுபத்தெட்டு வயதும் ஒன்பது பல்லும் உடையவனுமாகிய கீரங்குடி ஓரி வேளான், வேய்ங்குன்ற நாட்டு விருந்தினர் மாளிகையிலிருந்து தலை தாழ்த்தி விடுக்கும் ஓலை. அங்கே அரண்மனையும் அங்காடியும் பட்டத்து யானையும் நலமாயிருக்க. இங்கே அடியேன் உயிரோடிருக்கிறேன். அதிர்ச்சி மட்டும் இன்னும் இறங்கவில்லை.

இந்நாட்டார் அடைத்து வைத்த மலைமதகைத் திறப்பிக்கவே தேவரீர் என்னை அனுப்பினீர். நம் நாற்பது ஊர் நாற்றங்காலும் மஞ்சளித்துக் கிடக்க, கதிர் பிடிக்கும் வரை நாற்பத்தைந்து நாள் நீர் வேண்டுமென்று கேட்டு வரச் சொன்னீர். நானும் பாட்டன் காலத்துச் செப்பேடு ஏழையும் சுமந்து வந்து, வழியில் ஒரு காளையை அழவைத்த அதே பேச்சை, ஒரு சொல் குறையாமல் இவ்வவையில் பேசினேன். அரசி நறுங்கோதைத் தேவியார் முற்றும் கேட்டருளினார். கேட்டபின், ஓலை பகிருங்கள் என்று ஆணையிட்டார். விருந்துக்கு இலை போடுகிறார்கள் என்றெண்ணி நான் கை கழுவப் போனேன்.

அது விருந்தன்று. இந்நாட்டில் எல்லைவழக்குக்கு நீதிமன்றமும் இல்லை, போரும் இல்லை. ஐந்தோலை ஆட்டம் ஒன்றே உண்டு. கிளி, மீன், களிறு, தாமரை என்று நால்வகை ஓவியம் எழுதிய நறுக்கோலைகளில் ஆளுக்கு ஐந்து மறைத்துக் கொடுப்பார்கள். பாதிப் பந்தயம் வைத்தபின் வேண்டாத ஓலையை ஒருமுறை மாற்றிக்கொள்ளலாம். பின்பு மீதிப் பந்தயம். ஐந்தும் ஓரினமானால் அதற்கு மிஞ்சியது இல்லை. எதிரியின் பந்தயத்துக்கு ஈடு வைக்க அஞ்சுவோர் தம் ஓலையை மடக்கிவிடலாம். மடக்கினால் நடுவில் கிடப்பது எதிரிக்கு, ஓலையை யாரும் காட்ட வேண்டியதில்லை. பந்தயமோ புளியங்கொட்டை. ஒரு கொட்டைக்கு ஒரு நாள் மதகு நீர். ஆளுக்கு அறுபது கொட்டை. மூன்றாம் நாள் மாலைச் சங்கு ஊதுகையில் என் கையில் எத்தனையோ, நமக்கு நீர் அத்தனை நாள். ஒரு நாட்டின் சோற்றைப் புளியங்கொட்டையில் வைத்து உருட்டுகிறார்களே என்று திறந்த வாயை மூட எனக்கு இரண்டு நாழிகை ஆயிற்று.

பழகிக்கொள்ள ஏழு நாள் தந்தார்கள். மாளிகைச் சமையற்காரி பொற்றாலி என்பவள் இவ்வாட்டத்தில் கைதேர்ந்தவள். ஊறுகாய் எலுமிச்சையைப் பந்தயமாக வைத்து எனக்குக் கற்பித்தாள். முதல் நாளே என்னை ஏற இறங்கப் பார்த்து, பெரியவரே, வந்த ஓலையெல்லாம் பெற்ற பிள்ளையா, கட்டிக்கொண்டு அழுகிறீரே, மூன்று ஆட்டத்தில் இரண்டை முகம் சுளிக்காமல் மடக்கும் என்றாள். நடுவில் போட்டது உம்முடையதன்று, அதை மீட்கவென்று மேலும் போடாதீர் என்றாள். உம் ஓலையைப் பார்க்குமுன் எதிரி தம் ஓலையைப் பார்க்கும் முகத்தைப் பாரும் என்றும், பொய்ப்பந்தயம் உப்பைப் போன்றது, நாளுக்கொரு சிட்டிகை போதும் என்றும் சொன்னாள். அவள் சொன்னபடியே ஆடியும் நான் தோற்றுக்கொண்டேயிருந்தேன். நல்ல ஓலை வரும்போதெல்லாம் அவள் மடக்கிவிடுவாள். தீய ஓலை வரும்போதெல்லாம் ஊறுகாய் மொத்தத்தையும் வைப்பாள். நான்காம் நாள் அவள் மந்திரக்காரி என்று முறையிட எழுந்தேன்.

அவளோ, மந்திரமும் இல்லை மாயமும் இல்லை, நல்ல ஓலை வந்தால் நீர்தாமே நெட்டி முறிக்கிறீர், அடுக்களை வரை கேட்கிறது என்றாள்.

மன்னர் பெருமானே, நல்லதைக் கண்டால் கண்ணேறு படாதிருக்கக் கைகளை நெற்றிப்பொட்டில் வைத்துச் சொடுக்குவது நம் நாட்டு வழக்கம். பல் முளைக்குமுன் நமக்கு நெட்டி முறிக்கத் தெரியும். ஆனால் அதை நாம் செய்கிறோம் என்பது, அவள் சொல்லும் வரை எனக்குத் தெரியாது. எழுபத்தெட்டு ஆண்டு என் கை என்னைக் கேளாமல் பேசிக்கொண்டிருந்திருக்கிறது. அன்று நான் உண்ணவில்லை. மறுநாள் முதல் இரு கையிலும் எலுமிச்சையைப் பிடித்துக்கொண்டு பழகினேன். ஏழாம் நாள் விரல் அடங்கிற்று. அடக்கிய சொடுக்கெல்லாம் கால்விரல் வழியே வெளியேறியதால் மிதியடி இரண்டும் பிளந்தன. அது வேறு கதை.

அவைக்கு எலுமிச்சையின்றியே சென்றேன். தேவியாரின் முகமோ முகமன்று. அதில் அமர்ந்த ஈ ஒன்று, சிலையென்று எண்ணி, ஒரு நாழிகை உறங்கி எழுந்து சென்றதை நானே கண்டேன். மூன்றாம் ஆட்டத்தில் எனக்கு ஐந்தும் தாமரை. மூச்சையும் விரலையும் அடக்கிக்கொண்டு பந்தயத்தைக் கையில் எடுத்தேன். அப்போது என் பின்னால் உலர்ந்த மூங்கிற்காடு தீப்பற்றியது போல் ஓர் ஓசை எழுந்து, அவையின் புறாக்கள் அனைத்தும் பறந்தன.

திரும்பிப் பார்த்தால், நம் பல்லக்குச் சுமப்போர் பன்னிருவரும் நெட்டி முறித்துக்கொண்டிருந்தார்கள்.

சூது நடவாமல் பார்க்க விருந்தினரின் ஆட்கள் பின்னால் நின்றே ஆகவேண்டும் என்பது இந்நாட்டு முறை. வெளியே அனுப்ப வழியில்லை. தேவியார் ஒரே ஒரு கொட்டையை ஈந்து ஓலையை மடக்கினார். அன்றிரவு பன்னிருவரையும் நிறுத்திக் கடிந்தேன். அவர்களின் தலைவன் கொற்றன் தலையைச் சொறிந்துகொண்டு, நல்லதைக் கண்டும் சும்மா நின்னா கண்ணு பட்டுருமே எசமான், அது எங்க வயலுக்கு வர்ற தண்ணியாச்சே, கை நிக்க மாட்டேங்குது என்றான். அவன் நாற்றங்காலும் அந்த நாற்பது ஊரில்தான் இருக்கிறது. பன்னிருவரையும் உறங்கப் போகச் சொன்னேன்.

இவ்வாறு நல்ல ஓலைக்கு ஒரு கொட்டை வாங்கியும், தீய ஓலைக்குப் பல கொட்டை இழந்தும், மூன்றாம் நாள் மாலை என் கையில் முப்பத்தொன்றே மிஞ்சின. சங்கூதுபவன் சங்கைத் துடைத்துக்கொண்டிருந்தான். ஒரே ஆட்டத்துக்குப் பொழுது இருந்தது. நான்கு கிளி வந்தன, ஐந்தாவது களிறு. ஐந்தாம் கிளியை நம்பிப் பதினாறு கொட்டை வைத்தேன். தேவியாரும் பதினாறு வைத்தார். களிற்றை மாற்றினேன். வந்தது மீன்.

நான்கு கிளியும் ஒரு மீனும் இந்த ஆட்டத்தில் எதற்கும் உதவாது. அந்த ஓலை நறுக்கோ கொட்டைப் பாக்கு மடிக்கக்கூடப் போதாத அளவு சிறியது. என் கட்டைவிரல் இயல்பிலேயே தடித்தது. அது மீனின்மேல் போய் அமர்ந்தது. அமர்ந்ததா, அமர்த்தினேனா என்பதைத் தேவரீர் நேரில் வினவினால் மட்டும் சொல்வேன். பின்னால் நின்றவர்கள் நான்கு கிளியைக் கண்டார்கள். ஐந்தாவதும் கிளியென்றே கொண்டார்கள். பன்னிரண்டு பேர், நூற்றிருபது விரல். அவ்வளவும் முறிந்த ஓசையில், மீதமிருந்த பதினைந்தையும் நடுவில் தள்ளினேன்.

தேவியார் என் முகத்தைப் பார்க்கவில்லை. கொற்றன் முகத்தையே நெடுநேரம் பார்த்தார். அவன் கண் கலங்கியிருந்தது. பின் அவர் ஓலையை மடக்கினார். சங்கு ஊதிற்று. நாற்பத்தேழு கொட்டை நம்முடையவாயின.

இதுவரை அடியேனின் வெற்றி. இனி அதிர்ச்சி. இன்று காலை தேவியாரின் சேடி ஒரு சந்தனப் பேழை கொணர்ந்து வைத்துச் சென்றாள். உள்ளே ஒரு பொன் மோதிரம். சொல்லோ ஓலையோ இல்லை. எந்த விரலில் இட்டும் நில்லாமல் கழன்ற அது, வலக்கைக் கட்டைவிரலில் மட்டும் அளவெடுத்தாற்போல் பொருந்திற்று. பொற்றாலியிடம் காட்டினேன். அவள் சிரிக்காமல், தேவியார் மடக்கிய ஓலையை அள்ளியவள் என் தங்கைதான், ஐந்தும் களிறாம் என்றாள். ஐந்து களிற்றைக் கையில் வைத்துக்கொண்டு ஒருவர் மடக்கினார் என்றால், ஏமாந்தவர் யார் என்று நான் இன்னும் கணித்துக்கொண்டிருக்கிறேன். கொற்றனுக்கு இது தெரியாது. ஐந்து கிளிக் கதையை அவன் இப்போதே மூன்று ஊருக்குச் சொல்லிவிட்டான்.

தேவரீரின் இலச்சினை என்னிடம் உள்ளவரை என் சொல் தேவரீர் சொல்லாகையால் கட்டளையாவது: வளர்பிறைப் பஞ்சமி விடியலில் நீர் எல்லைக்கல்லைக் கடக்கும், அதற்குள் நாற்பது ஊராரும் வாய்க்காலைத் தூர்வாரி நிற்க. முதல் மடையைக் கொற்றன் கையால் திறக்க. இவ்வோலையோடு கட்டியனுப்பிய மீனோலையைக் கருவூலத்தில் வைத்துப் பூட்டுக. பல்லக்குச் சுமப்போர் எவர் கண்ணிலும் அது படலாகாது. அடுத்த பருவத்து நீருக்குத் தேவியார் தாமே நம் அவைக்கு எழுந்தருளி, தேவரீரோடு ஆடுவதாகத் திருவுளம் கொண்டிருக்கிறார். ஆகையால் எலுமிச்சை இரண்டு இத்துடன் அனுப்பியிருக்கிறேன். மன்னர் பெருமான் இவ்வோலையைப் படித்து முடித்ததும், நீர் வந்ததே என்று கை தலைக்கு உயர்ந்திருக்கும். அதை அப்படியே இறக்கி, இன்றே பழகத் தொடங்குக.

மலை உள்ளளவும் மதகு உள்ளளவும் கொற்றம் நிலைக்க. இது ஓரி வேளான் எழுத்து. இது குறும்பாழி இலச்சினை. அருகில் அரக்கில் பதிந்திருப்பது, மோதிரம் இட்ட என் கட்டைவிரல்.