கஞ்சி போடாத பை

நாள் 4, காலை 6.10
செவ்வாய்க் கிரகம், மூன்றாம் சுரங்கக் குடியிருப்பு, சலவை அறை. எழுதுவது அஞ்சலை. படிப்பு ஐந்தாவது. உள்ளதை உள்ளபடி எழுத என்னை விட்டால் ஆள் இல்லை என்று டாக்டர் நிவேதன் இந்த வேலையைக் கொடுத்தார்.

சுரங்க உடுப்புக்குள் வேர்வை காயாமல் இருபத்துநான்கு பேருக்குப் பூஞ்சை நோய். அக்குளில், தொடை இடுக்கில், சிலருக்கு வாயில். பன்னிரண்டு பேருக்கு நம் பசுமைக் கூடத்து வேப்பெண்ணெய். பன்னிரண்டு பேருக்குப் பூமியிலிருந்து வந்த மாத்திரை. எது கேட்கிறது என்று பார்க்கிறோம். எண்ணெய் எடுப்பது நான்.

நாள் 11, காலை 6.20
எண்ணெய்க்காரர்களில் ஒன்பது பேருக்கு அரிப்பு குறைந்தது. மாத்திரைக்காரர்களில் ஒருவருக்கும் இல்லை. மாத்திரை மெதுவாகத்தான் கேட்கும் என்றார் டாக்டர்.

என் தங்கை பவுனு எண்ணெய் வரிசை. நாக்கெல்லாம் வெள்ளை பூத்து விழுங்க முடியவில்லை. எண்ணெய் தோலோடு நின்றுவிடும், உள்ளே போனதற்கு மாத்திரைதான் என்று டாக்டரே முன்பு சொன்னார். இன்று, யாருக்கு எந்த மருந்து என்று காட்டும் அவள் கைப்பட்டையையும் மாத்திரை வரிசை வேல்மயிலின் கைப்பட்டையையும் மாற்றிக் கட்டினேன். அவனுக்கு அக்குளில் மட்டும்தான். தப்புதான். டாக்டருக்குத் தரும் ஏட்டில் இது இல்லை, என் சொந்த ஏடான இதில் மட்டும்.

நாள் 15, மாலை 4.05
மாத்திரை வரிசை, பன்னிரண்டாம் படுக்கையிலிருந்து பவுனு பேசியில்: "அக்கா, இது கசக்கவே இல்ல. வாயில போட்டா மாவாக் கரையுது. உன் எண்ணெயாவது பரவாயில்ல, அந்த நாத்தத்துக்கு எமன்கூட கிட்ட வரமாட்டான்."
சிரித்தேன். அவளுக்குக் காய்ச்சல் 103.

நாள் 19, காலை 5.40
பவுனு போய்விட்டாள். பன்னிரண்டாம் படுக்கை காலி. பூஞ்சை ரத்தத்தில் கலந்துவிட்டதாம். டாக்டர் அழுதார். நான்தான் அவருக்குத் தண்ணீர் கொடுத்தேன்.

நாள் 21, காலை 9.30
அவள் சட்டையைத் துவைத்துப் போட்டேன். காய்ந்தபின் பை மட்டும் அட்டை மாதிரி விறைத்து நின்றது. நான் கஞ்சி போடவில்லை. இருபது வருஷம் கஞ்சி போட்ட கை, தெரியாதா. விழுங்க முடியாத மாத்திரையைப் பையில் ஒளித்து வைத்திருக்கிறாள்.

மாத்திரை டப்பாவிலிருந்து ஒன்று எடுத்து, காயத்துக்குப் போடும் அயோடின் ஒரு சொட்டு விட்டேன். கருநீலம். கஞ்சித் துணியில் அயோடின் பட்டாலும் இதே நிறம்தான். மாவு. மருந்தே இல்லை.

காலை 9.50
டாக்டரைக் கூப்பிட்டுக் கேட்டேன். பேசியில் அவர்: "அக்கா, அசல் மாத்திரை என் அலமாரியிலதான் இருக்கு. பூமியிலேர்ந்து மருந்து அனுப்புறத நிறுத்த எண்ணெய் ஜெயிக்கணும்னு மேலிடம் சொல்லிடுச்சு. அரிப்புக்கு யார் சாகப் போறாங்கன்னு நெனச்சேன். மாத்திரை கேக்கலன்னு மட்டும் எழுதுங்க. நீங்க எழுதினா நம்புவாங்க."
என்னைத் தேர்ந்தெடுத்தது அதற்குத்தான்.
நான் மாற்றிக் கட்டியதும் ஒன்றுதான், மாற்றாமல் விட்டிருந்தாலும் ஒன்றுதான். அவள் படுக்கையிலிருந்து இருபதடி தூரத்தில் அலமாரி.

காலை 10.15
சலவை அறைக் கதவை உள்ளே பூட்டிவிட்டேன். மாத்திரை வரிசையின் எல்லாப் படுக்கைக்கும் பேசியைத் திறந்தேன். படுக்கையோரக் காயப்பெட்டியிலுள்ள அயோடினை மாத்திரையில் விட்டு என்ன நிறம் என்று சொல்லச் சொன்னேன்.
ஒன்று: "நீலம்."
இரண்டு: "நீலந்தான் அக்கா. ஏன்?"
மூன்று: "நீலம்."
நான்கு அழுகிறான்.
டாக்டர் கதவைத் தட்டுகிறார். அக்கா அக்கா என்கிறார்.
பத்து: "நீலம்."
பதினொன்று: "நீலம். அலமாரி எங்க இருக்கு?"
சொன்னேன். எழுந்து போகிற சத்தம் கேட்கிறது. தட்டுவது நின்றுவிட்டது.
பன்னிரண்டு.
பன்னிரண்டு, சொல்லும்மா