வானிலைக்காரர் வாசித்த பெயர்

4.11.96 திங்கள்
காலை தூறல். பத்துக்கு வெயில். மத்தியானம் திரும்பவும் தூறல்.
மங்கரே எயார்போட் சரக்குக் கொட்டிலில் தனி ஆளாக அறுபது பலட் சாமான் ஏற்றினேன். சூப்பவைசர் சியோனே, உன்னைப்போல ஒருத்தன் இந்த எயார்போட்டிலேயே இல்லை என்று சொல்ல வாயெடுத்தான். அதற்குள் போன் அடித்துவிட்டது.
கடிதம் வந்தது. மன்னாரில் எங்கள் பங்குச் சுவாமியார் எழுதியது. யாரோ கொழும்புக்குக் கொண்டுவந்து தபாலில் போட்டிருக்கிறார்கள். பத்தே நாளில் இங்கே. இந்தக் காலத்தில் அதிசயம்.
ஒக்டோபர் 22, ராமேஸ்வரம் போன வள்ளம் கவிழ்ந்தது. தம்பி அருளப்பு அதில். மூன்றாம் நாள் கரையில் எடுத்து அடக்கம் செய்தாயிற்றாம்.
இரண்டு தரம் வாசித்தேன். வேலை ஜக்கெற்றின் உள் பொக்கற்றில் வைத்தேன். பிறகு சந்தி டெயரிக் கடையில் பாண், பால், றீற்றாவின் முதுகு நோவுக்குத் தைலம்.

5.11 செவ்வாய்
காற்று. றீற்றாவுக்குச் சொல்லவில்லை. என்னைக் கட்டி எங்கள் வீட்டுக்கு வந்தபோது தம்பிக்கு ஏழு வயது, தாயில்லை. தலை இழுத்துவிட்டது, சோறு தீத்தினது எல்லாம் அவள்தான். இங்கே பின் அறையில் அவனுக்குக் கட்டில் போட்டு, மஞ்சள் விரிப்பு விரித்து, தினமும் யன்னல் திறந்து மூடுகிறாள்.
அவனை இங்கே எடுக்கிறதுக்கான ஸ்பொன்சர் போம். சித்திரையிலேயே குடுத்தாயிற்று, மினிஸ்டரோடு நேரில் கதைத்தாயிற்று என்று அவளுக்குச் சொல்லி வைத்திருக்கிறேன். குடுத்தது செப்ரெம்பரில். அதுவரை மேசை லாச்சிக்குள் கிடந்தது.
அவ்வளவுதான். கோழிக்கறி. நன்றாக இருந்தது.

6.11 புதன்
கோயில் கூட்டம். கூரை ஒழுக்கு இப்போது பாட்டுக்காரப் பிள்ளைகளின் தலையில். அதைத் திருத்தத்தான் 17ஆம் திகதி ஐரிஷ் இசைக் கச்சேரி. ஃபாதர் ஐரிஷ்காரர், சொந்த ஊர்ப் பாட்டென்றால் முகம் சிவந்துவிடும். பாட்டுகளுக்கு நடுவில் கதை சொல்ல ரீ.வி.யில் வானிலை சொன்ன பெரிய ஆள் வருகிறார். நாடெல்லாம் தெரிந்த முகம்.
நான் எழும்பிச் சொன்னேன்: அவரை எனக்கு நல்ல பழக்கம், எயார்போட்டில் அவருடைய மூன்று பெட்டியும் தூக்கினது நான்தான், தோளில் கை போட்டுக் கதைத்தவர் என்று.
திருச்சி செல்வராஜ் சும்மா இருப்பாரா. "ஏண்ணே, ஈஸ்டருக்குச் சொன்னப்ப ஒரு பெட்டிதானே? இப்ப மூணாயிடுச்சா?"
"அது வேற பயணம்."
சிரிப்பு. நானும் சிரித்தேன். வாய் தன்பாட்டில் சிரிக்கிறது.
நவம்பர் ஆத்துமாக்களின் மாதம் என்பதால் ஃபாதர் இரண்டு பெட்டி வைக்கிறார். ஒன்று, தூரத்தில் இருப்பவர்களின் பெயருக்கு. மற்றது, இறந்தவர்களின் பெயருக்கு. கச்சேரியின் முதல் பாதியில் அது, பின் பாதியில் இது, வானிலைக்காரர் வாசிப்பார். தமிழ்ப் பெயர் அவர் வாயில் வர வேண்டுமே? "நீதானே சிநேகிதன், நீயே பழக்கு," என்றார் ஃபாதர்.
என்னைவிட்டால் யார்.

9.11 சனி
நல்ல வெயில். றீற்றா என் வேலை ஜக்கெற்றைத் தோய்த்துக் கொடியில் போட்டிருந்தாள். ஓடிப்போய்ப் பார்த்தால் ஜக்கெற் சொட்டச் சொட்ட, உள் பொக்கற்றில் கடிதம் நனையாமல், ஒரு எழுத்துக் கலையவில்லை. அந்தோனியார் புதுமை. பிறகு யாருக்காவது சொல்ல வேண்டும். யாருக்கு?
சாப்பிடும்போது கேட்டாள்: "தம்பியின்ர பாடு ஒண்டும் தெரியேல்லையோ?"
"ஓம் ஓம், ஒரு பெடியன் சொன்னவன். ராமேஸ்வரத்தில நல்லா இருக்கிறானாம். றோலர் படகு வாங்கிப்போட்டானாம்."
"றோலரோ?"
"மூண்டு."
என்னையே பார்த்தாள். "நல்லம்," என்றாள். மீன் துண்டொன்றை என் கோப்பையில் வைத்தாள்.

10.11 ஞாயிறு
பூசை. பெட்டிகள் இரண்டும் வாசலடியில், பக்கத்தில் பேனா. றீற்றா அருகிலேயே நின்றாள். தம்பியின் பெயரை எழுதி, தூரத்தில் இருப்பவர்களின் பெட்டியில் போட்டேன். வேறென்ன செய்ய.
"எந்தப் பெட்டி?"
"தூரத்தில இருக்கிறாக்கள்."
"சரி."
பிறகு சந்தைக்குப் போனோம். கத்தரிக்காய், கொத்தமல்லி, எனக்கு இரண்டு சோடி காலுறை.

14.11 வியாழன்
மூடலாக இருந்தது. வானிலைக்காரர் கோயில் மண்டபத்துக்கு வந்தார். ரீ.வி.யில் பார்த்ததைவிடக் கட்டை. என்னைத் தெரிந்தமாதிரிக் காட்டவில்லை, நாலு பேர் முன் அப்படித்தான் இருப்பார்கள். கை குடுத்தார்.
முதல் பட்டியலில் தமிழ்ப் பெயர் நாலு. பிலோமினா, சுகம். செபமாலை, பிடித்துக்கொண்டார். ஞானப்பிரகாசம் மூன்று துண்டாக உடைந்து ஒட்டியது. அருளப்பு வரவில்லை. அருலப்பூ என்றார், பூவை நீட்டி. நாக்கை மடியுங்கள் என்றேன். அருளப்பு. திரும்ப. அருளப்பு. இருபது தரம் சொல்லியிருப்பேன். கடிதம் வந்ததிலிருந்து அந்தப் பெயரை நான் வாய்விட்டுச் சொன்னது அப்போதுதான்.
கடைசியில் வந்துவிட்டது. மன்னாரான்மாதிரியே சொன்னார்.
"யார் இவர்?" என்று கேட்டார். தம்பி என்றேன். எப்படிப்பட்ட ஆள் என்றார். அந்த மனுசன் கேட்கிறபோது காது குடுத்துக் கேட்கிறார், அதுதான் பிழையாகப்போனது. மூன்று றோலர், ராமேஸ்வரம் முழுக்கப் பெயர், நீச்சலில் மன்னாரில் முதல் ஆள் என்றேன். பென்சிலால் ஓரத்தில் குறித்துக்கொண்டார்.

17.11 ஞாயிறு
மழை. இரண்டு மணிக் கச்சேரி. ஆயிரம் சனம், கோயில் கொள்ளவில்லை. ஒழுக்குக்கு மூன்று வாளி. வானிலைக்காரர் மேலே பார்த்து, "இன்று கோயிலுக்குள் இடைக்கிடை மழை," என்றார். கைதட்டு நிற்க நேரம் பிடித்தது.
மடியில் வைத்து முழங்கையால் அமத்தி ஊதுகிற ஒரு குழல். ஆட்டுத்தோல் மேளம், சின்னக் கட்டையால் அடி. யாழ்மாதிரி ஒன்று, ஒரு சிவத்த பிள்ளை வாசித்தாள். பக்கத்துக் கிழவர் அழுதார். எனக்கு ஒன்றும் வரவில்லை. சப்பாத்து இறுக்கம்.
கப்பலேறிப் போனவர்களின் பாட்டு முடிய முதல் பட்டியல். தம்பியின் பெயர் வந்தது. திருத்தமாக. அதோடு விடவில்லை மனுசன். "மூன்று படகின் சொந்தக்காரர், மன்னாரின் முதல் நீச்சல்காரர்," என்றார். சனம் திரும்பி என்னைப் பார்த்துச் சிரித்தது. செல்வராஜ் எட்டிப் பெருவிரலைக் காட்டினார். நான் தலையாட்டினேன்.
இடைவேளை. இறந்தவர்களின் பெயர் விட்டவர்கள் இப்போதும் தரலாம் என்றார் ஃபாதர். றீற்றா கைப்பையோடு எழும்பினாள். தேத்தண்ணி ஊற்ற உதவப் போகிறாள் என்று நினைத்தேன்.
பின் பாதி. குழல் மட்டும், மெல்ல. பட்டியல் முடிந்து, கடைசியாக ஒரு துண்டைக் கையில் எடுத்தார். பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துத் திரும்பப் போட்டார். என் பக்கம் பார்த்தார்.
"மரியான் அருளப்பு. மன்னார்."
ளகரம் பிசகவில்லை. நான் பழக்கினது.
றீற்றா எழும்பி நின்றாள். ஒருத்தரும் சிரிக்கவில்லை. பிறகு நானும் நின்றேன். வாளியில் சொட்டு விழுகிற சத்தம்.
வீட்டுக்கு நடந்தோம், ஒரு குடை. சந்தியடியில் அவள் சொன்னாள்:
"வியாழன் முப்பத்தோராம் நாள். ஃபாதரிட்டைப் பூசைக்குச் சொல்லிப்போட்டன்."
"எப்ப தெரியும்?"
"ஜக்கெற் தோய்க்க முதல் பொக்கற் பாக்கிறேல்லையே? எடுத்து வாசிச்சிட்டு, காய்ஞ்ச பிறகு வைப்பம் எண்டால் பொறுக்கேல்ல, ஈரத்திலயே திருப்பி வைச்சன்."
"ஏனப்பா ஒண்டும் சொல்லேல்ல?"
"நீங்கள் சொல்லுவியள் எண்டு பாத்தன். நீங்கள் அவனுக்கு மூண்டு றோலர் வாங்கிக் குடுத்தியள். இன்னும் ஒரு கிழமை விட்டிருந்தால் கப்பலும் வாங்கியிருப்பியள்."
போம் விசயத்தையும் சொன்னேன். சித்திரை இல்லை, செப்ரெம்பர். மினிஸ்டர் இல்லை, கவுண்டரில் ஒரு பிள்ளை. குடையை என் கையில் தந்துவிட்டு மழைக்குள் முன்னால் நடந்தாள். படலையடியில் நின்றாள், நான் வருமட்டும்.
பின் அறை யன்னல் திறந்தே கிடந்தது. விரிப்பின் ஒரு பக்கம் நனைந்துவிட்டது. இரண்டு பேருமாகப் பிடித்துக் கழற்றினோம்.

18.11 திங்கள்
மழை விட்டது. வேலை. நாற்பது பலட்.
சியோனேயின் தாயும் கச்சேரிக்கு வந்திருக்கிறார். "உன் தம்பிக்கு மூன்று படகாமே? எனக்கொரு வேலை கேட்டுச் சொல்," என்று பகிடி விட்டான்.
மூன்று இல்லை என்றேன். ஒரு வள்ளம். அதுவும் யாருடையதோ. ஆளும் இல்லை.
வீட்டுக்குப் போ என்றான். போகவில்லை. நாலு மணி வரை ஏற்றினேன்.
வியாழனுக்கு லீவு போம். எழுதின கையோடு குடுத்தேன்.