பழைய தையல்

அன்புள்ள அம்மாவுக்கு,

உன் முட்டிவலி தேவலையா? அப்பா மாத்திரையை ஒழுங்காகப் போடுகிறாரா? நான் நன்றாக இருக்கிறேன். வயிற்றில் இருப்பதும் நன்றாக உதைக்கிறது.

நேற்று டாக்டரம்மாவைப் பார்த்தேன். முதல் பிள்ளை ஆபரேஷன் என்றாலும் இந்த முறை சுகப்பிரசவத்துக்கு முயலலாமாம். "ஆனா வலி எடுக்கும்போது பழைய தையல் பிரிஞ்சா ரெண்டு உயிருக்கும் ஆபத்து. அபூர்வம்தான். நீங்கதான் முடிவு சொல்லணும்" என்றார். மறுபடி ஆபரேஷன் என்றால் பல வாரம் பாரம் தூக்கக் கூடாதாம்.

"கூட யாரு இருப்பா?"

"எங்கம்மா வர்றாங்க" என்று கூசாமல் புளுகினேன். உனக்கு விசா மறுத்ததையும், இவருக்கு லீவு கிடைக்காததையும் டாக்டரிடம் சொல்லி என்ன ஆகப்போகிறது? நான் வேலை பார்க்கும் லாண்டரியில் ஈரத் துணிக்கூடையைத் தூக்க முடியாதவளுக்கு வேலை இல்லை. அதனால் முயன்று பார்க்கிறேன் என்று சொல்லிவிட்டேன். ஆபரேஷன் தியேட்டரைத் தயாராக வைத்திருப்பார்களாம். பயப்படாதே.

நீ உடுத்திய பருத்திச் சேலை ஒன்று அனுப்பு. துவைக்க வேண்டாம்.

இன்னொன்று அம்மா. உன்னிடம் வளரும் என் பெரியவள் உன்னை அம்மா என்று கூப்பிடும்போதெல்லாம் "நான் பாட்டிடி" என்று திருத்துகிறாயே, இனிமேல் திருத்தாதே. கூப்பிட்டுப் பழகட்டும்.

ஷிஃப்டுக்கு நேரமாகிவிட்டது.

உன் மகள்