ஓசை போன பதினொரு நிமிடம்

விருத்தாசலம்
7.7.2024

கூடப் பிறக்காத என் அன்புத் தங்கச்சி அமுதாவுக்கு, உன் பாஞ்சாலை அக்கா எழுதுவது.

நீ, உன் வீட்டுக்காரர், பிள்ளைகள் எல்லோரும் சௌக்கியந்தானே? உனக்கு இரண்டு தரம் போன் போட்டேன். என் குரல் கேட்டதுமே வைத்துவிட்டாய். கடிதத்தை அப்படிச் சட்டென்று வைக்க முடியாது பார். அதனால் நம்மோடு வேலை பார்த்த கொளஞ்சியிடம் உன் விலாசம் வாங்கி எழுதுகிறேன்.

இங்கே போட்டோ ஸ்டுடியோ கோதண்டபாணி அண்ணன் சனிக்கிழமை சாயந்தரம் கல்யாண மண்டபத்துச் சாப்பாட்டுக் கூடத்தில் வேட்டியைத் திரையாகக் கட்டி, பழைய கறுப்பு வெள்ளைப் படமாகப் போடுகிறார். ஆறு மாதமாக ஒரு வாரம் விடாமல் போகிறேன். என் பாடு உனக்குத்தான் புரியும். பீங்கான் கம்பெனியில் பொம்மைக்குக் கண் எழுதிக்கொண்டே, முதலாளி ஓடவிடும் கதை வசன கேசட்டில்தானே நாம் படம் பார்த்தோம்? ஒரு படத்தையும் கண்ணால் பார்த்ததில்லை. இப்போது பார்த்தால் எல்லாம் தலைகீழாக இருக்கிறது. நாம் தடித்த பொம்பளை என்று நினைத்திருந்தோமே, அந்த மாமியார்க்காரி, ஊதினால் விழுந்துவிடுவாள் போல ஒல்லி. நான் சத்தமாகச் சிரித்துவிட்டேன். முன்வரிசை மொத்தமும் திரும்பிப் பார்த்தது.

விஷயத்துக்கு வருகிறேன். நம்முடைய அக்கா தங்கை படம் கிடைத்துவிட்டது. நாம் பிறப்பதற்கு முன்னால் வந்த படம். கோதண்டபாணி அண்ணன் சென்னையில் யாரிடமோ கேட்டு வாங்கியிருக்கிறார். ஆனால் நடுவில் பதினொரு நிமிடம் ஓசையே இல்லை, வாய் மட்டும் அசைகிறது. எந்த இடம் என்று நினைக்கிறாய்? வாசற்படிக் காட்சி. நம் காட்சி. அந்தக் கேசட்டும் இப்போது யாரிடமும் இல்லை.

அதை வெட்டிவிட்டுப் போடப்போவதாகச் சொன்னார். நான் விடவில்லை. "வெட்டாதீங்கண்ணே, அந்தப் பதினோரு நிமிஷமும் என் தொண்டையில இருக்குது"ன்னு சொல்லிட்டேன். வீட்டுக்கு வந்து சொல்லிப் பார்த்தால் அக்கா பேசுவது அத்தனையும் வருகிறது. தங்கை பேசுவதில் ஒரே ஒரு வரி மட்டும் வரவில்லை. அது உன்னுடையது.

வா அமுதா. திரைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து இரண்டு பேரும் பேசுவோம்.

உன் அக்கா,
பாஞ்சாலை


சேத்தியாத்தோப்பு
16.7.2024

திருமதி பாஞ்சாலை அவர்களுக்கு,

கடிதம் கிடைத்தது. இங்கே எல்லோரும் நலம்.

இருபத்தாறு வருடமாகத் தங்கச்சி இருக்கிறாளா செத்தாளா என்று கேட்காதவர்களுக்கு, வசனம் மறந்துபோனதும் ஞாபகம் வந்திருக்கிறது. நல்லது.

98-ஆம் வருட ஆயுத பூஜையை நீங்கள் மறந்திருக்கலாம். கம்பெனி மேடையில் அதே வாசற்படிக் காட்சியை நாம் இரண்டு பேரும் பேசுவதாக இருந்தது. தங்கை வேஷத்துக்கு நல்ல புடவை வேண்டும் என்று இந்த ஊருக்கு, என் அத்தை வீட்டுக்கு, இரவல் வாங்க வந்தேன். திரும்பும்போது பஸ் வழியில் நின்றுவிட்டது. பாதி தூரம் நடந்து, பாதி டிராக்டரில் ஏறி வந்து சேர்ந்தேன். பத்து நிமிடம் தாமதம். புடவையும் கையுமாக நான் கதவருகில் நிற்கிறேன், மேடையில் நீங்கள் ஒருவரே இரண்டு குரலிலும் பேசிக்கொண்டிருந்தீர்கள். அதுகூடப் போகட்டும். தங்கை சொல்லும் முக்கியமான பதில் தெரியாமல், "வந்தால் வா, போனால் போ" என்று சொந்தமாக ஒன்றை அடித்துவிட்டீர்கள். அப்படி ஒரு வசனம் படத்திலேயே கிடையாது. நான் சொல்லாததை என் வாயில் வைத்தீர்கள். கூட்டம் அதற்குத்தான் அதிகமாகக் கை தட்டியது.

சரியான பதில் என்னிடம் இருக்கிறது. தரமாட்டேன். பழையபடி நீங்களே இரண்டு குரலிலும் பேசிக்கொள்ளுங்கள்.

மாமியார் ஒல்லி என்று எழுதியிருப்பதை நான் நம்பவில்லை.

இப்படிக்கு,
அமுதவள்ளி


விருத்தாசலம்
22.7.2024

என் தங்கச்சிக்கு,

நீ "திருமதி" போட்டதைப் படித்து ஒரு நாள் முழுக்கச் சோறு இறங்கவில்லை. திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

நீ எழுதியது அத்தனையும் உண்மை. முதலாளி அவசரப்படுத்தினார் என்று இத்தனை வருடமும் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அது பொய். "அடுத்த பாட்டை முதல்ல விடுறேன், அவ வந்ததும் ரெண்டு பேரும் வாங்க"ன்னுதான் அவர் சொன்னார். நான்தான் மேடையேறினேன். ஒண்டியாகப் பேசினால் எல்லோரும் என்னை மட்டும் பார்ப்பார்கள் என்று ஆசை வந்துவிட்டது. நீ கதவருகில் நின்றதையும் பார்த்தேன். பார்த்தும் நிறுத்தவில்லை. மறுநாள் நீ வேலைக்கு வரவில்லை, பிறகு கல்யாணமாகி அந்த ஊருக்கே போய்விட்டாய். தேடி வர எனக்கு முகமில்லை. என்னை மன்னித்துவிடு அமுதா. இதை அப்போதே சொல்லியிருக்க வேண்டும்.

இன்னொன்று. காட்சியின் நடுவில் கேசட்டில் வெகுநேரம் சத்தமே வராதே, ஞாபகம் இருக்கிறதா? முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு தங்கை அழுகிறாள் என்று நீ சொல்வாய். கேசட் அழிந்துபோயிருக்கிறது என்று நான் சொல்வேன். எத்தனை நாள் சண்டை. முதலாளிகூட ஒருநாள், "ரெண்டு பேரும் பொம்மைக்கு மாறுகண்ணு எழுதி வெச்சிருக்கீங்க"ன்னு கத்தினார். அந்த இடத்தில் என்ன நடக்கிறது என்று இப்போது என் கண்ணால் பார்த்துவிட்டேன். நீ சொன்னதும் இல்லை, நான் சொன்னதும் இல்லை.

என்ன என்று எழுதமாட்டேன். நீ மட்டும்தான் தராமல் வைத்துக்கொள்வாயா?

ஆகஸ்டு 17, சனிக்கிழமை, சாயந்தரம் ஆறு மணி. நீ வந்தால்தான் அந்தக் காட்சி ஓடும். இந்தத் தடவை மேடையில் ஒண்டியாக ஏறமாட்டேன்.

பாஞ்சாலை அக்கா


சேத்தியாத்தோப்பு
5.8.2024

கார்டு கிடைத்ததும் பதில் போட வேண்டாம். நாற்று விட்டிருக்கிறோம், வேலை தலைக்கு மேல் இருக்கிறது. வந்தாலும் வருவேன், வராமலும் போவேன். என்னை நம்பி ஊரைக் கூட்டாதீர்கள்.

அமுதவள்ளி


சேத்தியாத்தோப்பு
18.8.2024, ஞாயிறு

என் அக்காவுக்கு,

எழுத உட்கார்ந்தால் தொண்டை கரகரவென்று இருக்கிறது. எழுதுவதற்குத் தொண்டை எதற்கு என்று வீட்டுக்காரர் கேட்கிறார். அவருக்கு என்ன தெரியும்?

நேற்று கிளம்பும்வரைக்கும் வரக்கூடாது என்றுதான் இருந்தேன். மத்தியானம் கால் தானாக அலமாரியைத் திறந்தது என்று எழுதினால் நீ சிரிப்பாய். கைதான் திறந்தது. ஆயுத பூஜைக்காக வாங்கிய புடவையை அத்தை திரும்பக் கேட்கவே இல்லை, அதைத்தான் கட்டிக்கொண்டேன். நாலரை மணி பஸ். பாதி வழியில் டயர் பஞ்சர். நம்புவாயா? டிரைவர் ஜாக்கியைத் தேடுகிறார், நான் ரோட்டோரம் நின்று அழுகிறேன். இன்றைக்கும் அவள் ஆரம்பித்திருப்பாள், இன்றைக்கும் கை தட்டி முடித்திருப்பார்கள் என்று நினைத்தேன். திரும்பிப் போய்விடலாம் என்று எதிர் பஸ்ஸுக்குக் கையும் காட்டினேன். அது நிற்கவில்லை, நல்லவேளை.

மண்டபத்துக்கு வந்தபோது மணி ஏழே கால். உள்ளே விளக்கு எரிகிறது. படம் ஓடவில்லை. அந்த அக்காக்காரி வாசற்படியில் வாயைத் திறந்தபடி திரையில் அசையாமல் நிற்கிறாள், கூட்டம் மொத்தமும் டீ குடித்துக்கொண்டிருக்கிறது. நீ நாற்காலியில் கை கட்டிக்கொண்டு கதவைப் பார்த்து உட்கார்ந்திருந்தாய். பக்கத்து நாற்காலி காலி. கோதண்டபாணி அண்ணன்தான் என்னிடம் வந்து புலம்பினார். "முக்கா மணி நேரமாச்சும்மா. ரெண்டு ரவுண்டு டீ ஆயிப்போச்சு. ஆளு எழுந்து போறாங்க, நீயே பேசிடுன்னு கெஞ்சுறேன். 'எந்தங்கச்சி வராம நான் வாயத் தொறக்க மாட்டேன்'னு சொல்லுது உங்கக்கா." பத்துப் பன்னிரண்டு பேர் கோபித்துக்கொண்டு போயே போய்விட்டார்களாம். நீ அசையவில்லையாம்.

அதைக் கேட்ட இடத்திலேயே என் இருபத்தாறு வருடக் கோபம் போய்விட்டது அக்கா. எப்படிப் போனது என்று எனக்கே தெரியவில்லை.

பிறகு நடந்தது உனக்குத் தெரியும், ஆனாலும் எழுதுவேன். எழுதினால்தான் எனக்குத் தீரும். விளக்கை அணைத்தார்கள். திரையில் அவள் வாய் அசைந்தது. "வாசல்வரை வந்தவளை உள்ளே கூப்பிட உனக்கு மனம் வரவில்லையா?" என்று நீ கேட்டாய். உன் குரல் அப்படியே இருக்கிறது, கொஞ்சம்கூடக் கெடவில்லை. நான் ஒளித்துவைத்திருந்த பதிலைச் சொன்னேன். "கூப்பிட்டால்தான் வரவேண்டிய வீடா இது உனக்கு?" திரையில் இருந்த தங்கையின் உதடும் என் வார்த்தையும் ஒரு எழுத்துப் பிசகாமல் பொருந்தின. பின்னால் யாரோ விசில் அடித்தார்கள். அந்த இடத்திலேயே கை தட்டினார்கள், காட்சி முடியும்வரைகூடப் பொறுக்கவில்லை.

அப்புறம் அந்தச் சத்தமில்லாத இடம் வந்தது. அக்காக்காரி மூட்டையை இறக்கி வைத்துவிட்டு வாசலில் சும்மா நிற்கிறாள். அவ்வளவுதான். படியில் இருந்த நிழல் நகர்ந்து நகர்ந்து கிணற்றடிக்குப் போகிறது, அவள் நகரவில்லை. தங்கை கூப்பிடட்டும் என்று நிற்கிறாள். இதைத்தான் கேசட் கெட்டுப்போனது என்று நீயும், அழுகை என்று நானும் சண்டை போட்டோமா? இருட்டில் நீ என் கையைப் பிடித்தாய். நான் விடவில்லை. அடுத்த வசனம் வந்தது. "உள்ளே வா அக்கா, சோறு ஆறுகிறது" என்றேன். கூடமே எழுந்து நின்று தட்டியது. கோதண்டபாணி அண்ணன் கண்ணைத் துடைத்துக்கொண்டதை நான் பார்த்தேன், இல்லை என்று அவர் சாதித்தாலும் நம்பாதே.

பார்த்துவிட்டேன், மாமியார் ஒல்லிதான். ஒத்துக்கொள்கிறேன்.

வருகிற சனிக்கிழமை இரண்டரை மணி பஸ்ஸுக்கே கிளம்பிவிடுவேன். வழியில் எத்தனை டயர் வெடித்தாலும் ஆறு மணிக்குள் வந்துவிடலாம். நீ ஒரு நிமிடம்கூடக் காத்திருக்க வேண்டாம், எனக்காக நேற்றே போதுமான அளவு காத்திருந்துவிட்டாய். பக்கத்து நாற்காலியில் மட்டும் வேறு யாரையும் உட்காரவிடாதே.

உன் தங்கச்சி,
அமுதா