நன்றாகச் சாகத் தெரிந்தவருக்கு

இன்று காலை குளியலறை அலமாரியைத் துடைக்கும்போது உங்கள் ஒட்டுமீசைப் பசைப் போத்தல் கையில் அகப்பட்டது. மூடியைத் திறந்ததுதான் தாமதம், அந்த நாற்றம் வீடெல்லாம் பரவிவிட்டது. எத்தனை வருடம் அதைத் திட்டியிருப்பேன்! இன்றைக்கு ஜன்னலைத் திறக்கவில்லை. நின்று நன்றாக மணந்துவிட்டு, உங்களோடு கதைத்து நாளாகிறதே என்று எழுத உட்கார்ந்துவிட்டேன்.

முதலில் "எங்கட ஆளை"ப் பற்றிச் சொல்லவேண்டும். அவர் இல்லாமல் உங்கள் கதை ஏது? சனிக்கிழமைப் பின்னேரங்களில், யாழ்ப்பாணம் விட்டு வந்து குடியேறிய மவுண்ட் ஆல்பர்ட் வீட்டில், பழைய கறுப்பு வெள்ளை ஹாலிவுட் படங்களைப் போட்டு வைத்துக்கொண்டு இருப்பீர்கள். கதாநாயகன் கதாநாயகியைக் கட்டிப்பிடிக்கிற நேரம் உலகமே அவர்களைப் பார்க்க, நீங்கள் மட்டும் பின்னால் அறைத் திறப்போடு நிற்கிற ஹோட்டல் கிளார்க்கைக் காட்டுவீர்கள்.

"அங்கை பாரும், எங்கட ஆள்!"

கன்னம் தொங்கிப்போய், கண்ணாடி மூக்கு நுனியில் நிற்கிற ஒரு மனிதர். ஒரு படத்தில் நீதிபதி, இன்னொன்றில் பிச்சைக்காரர், அடுத்ததில் சவப்பெட்டிக் கடைக்காரர். ஐரோப்பாவில் யுத்தத்துக்குத் தப்பி ஓடிப்போய் அமெரிக்காவில் இறங்கியவராம். வாயைத் திறந்தால் வேற்று நாட்டு உச்சரிப்பு. அதனால் வேற்று நாட்டான் என்று எவன் கதையில் வந்தாலும் அவரைத்தான் கூப்பிட்டார்களாம். கிழவராகி விழும்வரை நடித்தும் ஒரு சுவரொட்டியில் அவர் முகம் வரவில்லை. தான் நடித்த படத்துக்குத் தானே வரிசையில் நின்று டிக்கெட் எடுத்தார் என்றும் சொன்னீர்கள். அது உண்மையோ, நீங்கள் கட்டிவிட்டதோ, எனக்குத் தெரியாது. "ஹீரோ படத்துக்கு வந்து போவார். எங்கட ஆள் படத்துக்குள்ளை குடியிருப்பார்" என்று சொல்லும்போது உங்கள் குரலில் இருந்த பெருமையைப் பார்த்தால், அவர் உங்கள் சித்தப்பா என்றுதான் யாரும் நினைப்பார்கள்.

யாழ்ப்பாணத்தில் விட்டுவிட்டு வந்த நடிப்பு ஆசை சான்ட்ரிங்ஹாம் பஸ்ஸில் உங்களைத் தேடி வந்தது. நீங்கள் ஓட்டிய பஸ்ஸில் தினமும் டவுனுக்குப் போன ஒரு பெண், சினிமாவுக்கு முகம் தேடுகிறவள், இறங்கும்போது ஒருநாள் நடிக்க வருவீர்களா என்று கேட்டுவிட்டாள். அடுத்த வாரமே நீங்கள் நடிகர்! வேடம் என்ன? சுடப்பட்டுக் கிடக்கிற டாக்சி டிரைவர்.

அன்றைக்குத் தொடங்கிய சாவு நின்றதா? துருக்கிக் கடைக்காரனாகச் செத்தீர்கள், மெக்சிகோக் கைதியாகச் செத்தீர்கள், எந்த ஊர் என்றே தெரியாத கப்பல்காரனாக மிதந்தீர்கள். உலகத்தில் உள்ள எல்லா நாட்டானாகவும் செத்த மனிதர், யாழ்ப்பாணத்தானாக மட்டும் ஒருநாளும் சாகவில்லை.

செத்துவிட்டு வருகிற ஆளை அப்படியே வீட்டுக்குள் விட எனக்கு மனம் வருமா? செத்தவீட்டுக்குப் போய் வந்தாலே முழுகிவிட்டுத்தானே உள்ளே வருவோம். இவர் பிணமாகவே கிடந்துவிட்டு வருகிறார்! வாசல் குழாயடியில் நிற்பாட்டி, வாளியில் சுடுதண்ணீர் கலந்து தலையில் ஊற்றுவேன். பக்கத்து வீட்டு வெள்ளைக்காரர் வேலிக்கு மேலால் பார்த்துக் கையசைப்பார். நீங்களும் நனைந்துகொண்டு கையசைப்பீர்கள்.

இதைவிடப் பெரிய கூத்து உங்கள் சாப்பாட்டு விசாரணை. எங்கட ஆள் எந்த வேடம் என்றாலும், இந்த மனிதன் இன்றைக்கு என்ன சாப்பிட்டவன் என்று முதலில் யோசிப்பாராம். அதைப் பிடித்துக்கொண்டீர்கள். ஷூட்டிங்குக்கு முதல் நாள் குசினி வாசலில் வந்து நிற்பீர்கள்.

"இஞ்சாரும், நாளைக்குச் சாகிறவர் கடைசியாச் சாப்பிட்டது அவிச்ச போஞ்சி விதை. கொஞ்சம் அவிச்சுத் தாருமன்."

"பிணத்தின்ரை வயித்துக்குள்ளை கேமராவே வைக்கப் போறாங்கள்?"

"கேமராவுக்குத் தெரியாது. எனக்குத் தெரியுமெல்லே."

திட்டிக்கொண்டே அவிப்பேன். நீங்கள் ரசித்துச் சாப்பிட்டுவிட்டுச் சாகப் போவீர்கள்.

ஆனால் ஒன்றை மட்டும் நான் தரவில்லை. "ஒருக்காவெண்டாலும் என்னை நடிகன் எண்டு சொல்லுமன்" என்று கேட்பீர்கள். "கிடந்துபோட்டு எழும்பி வாற ஆளை எப்பிடிச் சொல்லுறது? நிண்டு நாலு வசனம் கதையுங்கோ, பிறகு பாப்பம்" என்பேன். கோயிலில் யாராவது உங்கள் வேலையைக் கேட்டால் பஸ் டிரைவர் என்று பட்டென்று சொல்லிவிடுவேன். நீங்கள் பக்கத்தில் நின்று சிரிப்பீர்கள். அந்தச் சிரிப்பு வாயோடு நின்றுவிடும். அது எனக்குத் தெரியும். ஆனாலும் பொய்யாகப் பட்டம் கொடுக்கிற பழக்கம் எனக்கு இல்லை.

பிறகு உங்கள் நெஞ்சைத் திறந்து ஆபரேஷன் செய்தார்கள். ஆஸ்பத்திரிக் கட்டிலில் கண் மூடிக் கிடந்த உங்களைப் பார்த்தபோது, டிவியில் பார்த்த அத்தனை பிணங்களும் ஒன்றாக என் முன்னால் வந்து நின்றன. வீட்டுக்கு வந்த அன்றே, இனிமேல் சாகிற வேடம் இல்லை என்று சத்தியம் வாங்கினேன். மறுபேச்சு இல்லாமல் தந்தீர்கள். போன் வரும்போதெல்லாம், "மன்னிக்கவேணும், மனிசி என்னைச் சாக விடுறா இல்லை" என்று ஆங்கிலத்தில் சொல்லி வைத்துவிடுவீர்கள்.

அப்படி இருக்கும்போதுதான் அந்தப் படம் வந்தது. மவுண்ட் ஆல்பர்ட்டில் பழைய மரவீட்டில் மகளோடு இருக்கிற ஒரு யாழ்ப்பாணத்துக் கிழவர். படம் முழுக்க அவர்தான். பெயர் இருந்தது. வசனம் இருந்தது, அதுவும் பாதி, யாரையோ கொண்டு எழுதுவித்த தமிழில். குசினி மேசையில் இருந்து வாசித்தீர்கள். வாசிக்க வாசிக்க உங்கள் உதடு அசைந்தது. கடைசிப் பக்கத்தில் நின்றுபோனது.

"என்ன?"

"ஒண்டுமில்லை. கடைசியிலை ஆள் முடிஞ்சிடும்."

எழுந்து போய் டைரக்டருக்குப் போன் எடுத்தீர்கள். சின்னப் பெண், உங்களை நம்பியே எழுதியவள். அந்தக் காட்சி இல்லாமல் படமே இல்லை என்று அவள் கெஞ்சியது எனக்கும் கேட்டது. "அப்ப வேறை ஆளைப் பாரும் பிள்ளை" என்று அவளுக்கு விளங்காத தமிழில் சொல்லி, பிறகு ஆங்கிலத்திலும் சொல்லி, போனை வைத்தீர்கள். புல்லு வெட்டப் போய்விட்டீர்கள்.

ஜன்னலால் பார்த்துக்கொண்டு நின்றேன். வெட்டின துண்டையே திரும்பவும் வெட்டினீர்கள். பிறகும் அதையே. புல் இல்லாத இடத்தில் மெசின் உறுமிக்கொண்டு போய் வந்தது. எனக்குப் பொல்லாத கோபம் வந்தது. உங்கள்மேலா, என்மேலா, அந்தக் கடவுள்மேலா என்று தெரியாத கோபம். செருப்புக்கூடப் போடாமல் இறங்கி வந்தேன்.

"மெசினை நிப்பாட்டுங்கோ!"

நிற்பாட்டினீர்கள்.

"அந்த மனுசன் கடைசியா என்ன சாப்பிட்டவர்?"

நீங்கள் என்னைப் பார்த்துக்கொண்டு நின்றீர்கள். "அதை நீர்தான் சொல்லோணும்" என்றீர்கள் மெதுவாக.

"குத்தரிசிச் சோறும் மீன் குழம்பும். மகள் வேலைக்குப் போக முன்னம் வைச்சிட்டுப் போனது. வெறும் வயித்தோடை நான் ஒருத்தரையும் அனுப்பமாட்டன். போய் நல்லாச் சாகுங்கோ. அரைகுறையாச் செத்தியளோ, இந்த வீட்டுப் பக்கம் வராதேங்கோ!"

வேலிக்கு அந்தப் பக்கம் வெள்ளைக்காரர் கையசைத்தார். ஒரு சொல்லும் விளங்கியிராது. நீங்கள் புல்லுக்குள் உட்கார்ந்து சிரித்தீர்கள், கண்ணீர் வரச் சிரித்தீர்கள்.

அந்தக் கடைசிக் காட்சிக்கு நானும் வந்தேன். சோறும் குழம்பும் கட்டிக்கொண்டுதான் வந்தேன். டைரக்டருக்குப் பக்கத்தில் ஒரு கதிரை தந்து, காதில் மாட்டவும் ஒன்று தந்தார்கள். நீங்கள் ஜன்னலோரம் சாய்கதிரையில் இருந்தீர்கள். மகளாக நடித்தவள் சும்மா எதையோ கதைத்துக்கொண்டு துணி மடித்தாள். நீங்கள் ஸ்வெட்டரில் ஒட்டியிருந்த நூலை ஒவ்வொன்றாக எடுத்துக்கொண்டிருந்தீர்கள். ஒரு நூலைப் பிடித்த கை, இழுக்கவில்லை. அவ்வளவுதான். கண்ணை மூடவில்லை, தலையைச் சரிக்கவில்லை, நெஞ்சைப் பிடிக்கவில்லை. நூலில் விரல் அப்படியே நின்றது. மகள் இன்னும் கதைத்துக்கொண்டிருந்தாள்.

கட் சொல்ல வேண்டியவள் சொல்லவில்லை. அழுதுகொண்டிருந்தாள். ஒலி பிடிக்கிற தடியன் முகத்தைத் திருப்பிக்கொண்டான். நான் அழவில்லை. எனக்கு எழும்பி நின்று கைதட்ட வேண்டும்போல் இருந்தது, தட்டினேன்! முதல் ஆளாக நான்தான் தட்டினேன், பிறகு வீடே தட்டியது. நீங்கள் கதிரையில் நிமிர்ந்து, அத்தனை பேருக்குள்ளும் என்னைத் தேடிப் பிடித்து, "செத்தது காணுமோ?" என்றீர்கள்.

"காணும். நீங்கள் நடிகர்தான்" என்றேன், எல்லாருக்கும் கேட்கத் தமிழில்.

டவுன் தியேட்டரில் படம் போட்ட அன்று இருட்டுக்குள் சனம் மூக்குச் சீறியது. செத்தவர் எனக்குப் பக்கத்தில் இருந்து பொப்கோர்ன் கொறித்துக்கொண்டிருந்தார். அதைவிட வெற்றி ஒரு மனிதனுக்கு என்ன வேண்டும்! வெளியே வந்ததும் ஆளுக்காள் வந்து உங்கள் கையைத் தொட்டுப் பார்த்தார்கள்.

அதற்குப் பிறகும் சில வருடம் நன்றாக இருந்துவிட்டு, இந்த முறை என்னைக் கேட்காமலே போனீர்கள். அதில் எனக்கு இன்னும் கோபம் உண்டு. மரணப் பதிவுக்காக, நகரத்தின் மறுபக்கம் தகனினியில் குடியிருக்கிற எங்கள் மகன்தான் விபரம் சொல்லிக்கொண்டிருந்தான். பெயர், பிறந்த இடம், பிறகு தொழில் என்ன என்று கேட்டார்கள்.

"ஓய்வுபெற்ற பஸ் டிரைவர்" என்றான்.

"நடிகர் எண்டு சொல்லு" என்றேன்.

"அம்மா, அப்பா பஸ்தானே ஓட்டினவர்?"

"பஸ் ஓட்டினது சம்பளத்துக்கு. அவர் ஆர் எண்டுதானே கேக்கினம்? நடிகர். அப்பிடியே போடச் சொல்லு."

அவன் என் முகத்தைப் பார்த்தான், சொன்னான். பதிகிற பெண் கம்ப்யூட்டரில் தட்டினாள். திரையை என் பக்கம் திருப்பச் சொல்லி, எழுத்து எழுத்தாக வாசித்துச் சரிபார்த்த பிறகுதான் கையெழுத்துப் போட்டேன்.

இப்போது கோயிலில் புதிதாக வருகிறவர்கள் கேட்பார்கள், உங்கள் அவர் என்ன வேலையாக இருந்தவர் என்று. நடிகர் என்பேன். எந்தப் படத்தில் என்று கொஞ்சம் சந்தேகமாகவே கேட்பார்கள். பக்கத்தில் இடம் காட்டுவேன்.

"இருங்கோ. ஒண்டிரண்டில்லை, ஆறுதலாச் சொல்லுறன்."