பதினைந்து கேலன் அண்டா

அன்பு மகளுக்கு,

போர்ட்லண்டில் மழை விடவேயில்லை. மூன்று வருடமாக பீரைத் தொடாதிருந்த அப்பா, இப்போது வீட்டிலேயே காய்ச்சுகிறார். பார்லி ஊறவைக்க எவர்சில்வர் அண்டா வாங்க என்னையும் கூட்டிப்போனார்.

"வீட்ல எத்தனை பேரு?" என்றார் கடைக்காரர் கர்டிஸ்.

"ரெண்டே பேருதான்" என்றார் அப்பா.

"அப்ப எட்டு கேலன் தாராளம்."

"பதினஞ்சு எடுங்க. அடி கனமா இருக்கட்டும்." அப்பா சிரித்தார். "இவளும் குடிப்பா. என்னடி?"

தலையாட்டினேன்.

அண்டா நல்ல அண்டாதான். அடியில் உள்ள குழாய் ஒழுகவில்லை. அப்பாவும் உற்சாகமாக இருக்கிறார். என் வலது மணிக்கட்டு சீக்கிரம் சரியாகிவிடும். இடது கையால் எழுதுவதால்தான் எழுத்து இப்படிக் கோணலாக இருக்கிறது.

கிறிஸ்துமஸுக்குக் குழந்தையைக் கூட்டி வராதே. நீயும் வராதே. பதில் போட வேண்டாம். தபால் பெட்டியை இப்போது அவர்தான் திறக்கிறார்.

அம்மா